மாதம் 52,000 வருமானத்தில் குமரகத்தில் ஐந்து நட்சத்திர விடுமுறை: எப்படித் திட்டமிடுவது?

#1 பொன்மாலை

இருவர் சம்பளமும் சேர்ந்து பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 52,000. சென்னை, வாடகை வீடு. நாங்கள் இருவர், பையனுக்கு 10 வயது, பெண்ணுக்கு 7. கேரளத்துக் குமரகத்தில், வேம்பநாட்டு ஏரிக்கரையில் ஒரு நல்ல ரிசார்ட்டில், நீச்சல்குளம், ஏரியைப் பார்த்த வராந்தா எல்லாம் உள்ள இடத்தில், பிள்ளைகளோடு தங்க வேண்டும். வருடா வருடம் போகப்போவதில்லை, அதனால் அரைகுறையாக வேண்டாம்.

கடன் வாங்க மாட்டோம். ஒரு வருடம் சேர்க்கத் தயார். எவ்வளவு சேர்க்க வேண்டும்? எந்த மாதம் போகலாம்? எதில் தாராளமாகச் செலவழிப்பது, எதில் கையை இறுக்குவது? மலிவு லாட்ஜ் பரிந்துரைகள் வேண்டாம், அவை நிறையக் கிடைக்கின்றன.

#2 கணக்கு_ராசா

முதலில் தொகை. நான்கு பேருக்கு இரண்டு இரவு என்று வைத்துக்கொண்டு, சீசன் இல்லாத மாதத்துக்கு நான் போடும் கணக்கு இது:

ரயில் 3ஏசி போய்வர, நான்கு படுக்கை: 8,800
அறை, இரவுக்கு 13,000 + 18% வரி, இரண்டு இரவு: 30,680
கூடுதல் படுக்கை, இரவுக்கு 2,000 + வரி, இரண்டு இரவு: 4,720
ரிசார்ட்டில் இரண்டு இரவுச் சாப்பாடு: 7,000
வெளியே மதியச் சாப்பாடு மூன்று வேளை: 2,400
ரயிலில் சாப்பாடு, தண்ணீர், டீ: 1,200
டாக்சி, ஆட்டோ: 2,500
படகு: 2,500
கையிருப்பு: 5,000

ஆகமொத்தம் 64,800. இதில் பாதிக்கு மேல் அந்த இரண்டு இரவு அறைக்குத்தான் போகிறது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பயணம் முழுவதும் பணக்காரத்தனம் செய்ய நம் வருமானம் இடம் கொடுக்காது. 48 மணி நேரத்துக்கு எந்தக் குறையும் வைக்காமல் செலவழிக்க இடம் கொடுக்கும். நான்கு இரவு சுமாரான ஹோட்டலில் தங்குவதும் ஏறக்குறைய இதே தொகைதான், ஆனால் நீங்கள் கேட்டது அதில் கிடைக்காது.

சேர்ப்பதற்கு வங்கி ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போதும். மாதம் 5,000, பன்னிரண்டு மாதம். வட்டி 6.5% என்றால் முடிவில் 62,100 அளவில் கைக்கு வரும். மீதி 2,700ஐத் தீபாவளி போனஸில் எடுத்துக்கொள்ளலாம். அஞ்சலக ஆர்.டி. இதற்குச் சரிவராது. அது 5 வருடத் திட்டம், இடையில் மூட மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

கடன் வேண்டாம் என்ற முடிவு மிகச் சரி. இதே 60,000ஐ 14% தனிநபர் கடனாக எடுத்து 12 மாதத்தில் கட்டினால் தவணை 5,387, மொத்தம் 64,600 சொச்சம். ஆர்.டி.யில் வட்டி வருகிறது, கடனில் வட்டி போகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 6,700 ரூபாய்க்கு மேல். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்று பயணத் தளங்கள் காட்டுவதையும் நம்ப வேண்டாம். வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும் அந்த வட்டி மீதான ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். செயலாக்கக் கட்டணம் தனி.

ஒரு நிபந்தனை. மூன்று மாதச் செலவுக்கான அவசரப் பணமும் குடும்ப மருத்துவக் காப்பீடும் ஏற்கெனவே இருந்தால் மட்டும் இந்த ஆர்.டி.யைத் தொடங்குங்கள். இல்லையென்றால் ஏழாவது மாதம் யாருக்காவது காய்ச்சல் வந்து அட்மிட் ஆனால் ஆர்.டி. உடையும், பயணமும் போகும்.

#3 காயல்கரை

மாதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். குமரகத்தில் பெரும்பாலான ரிசார்ட்டுகளுக்கு ஆண்டில் மூன்று விலை. அக்டோபர் முதல் மார்ச் வரை சீசன். அதற்குள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களுக்கு உச்ச விலை, டிசம்பர் 24, 31 இரவுகளில் விருந்துக் கட்டணமும் கட்டாயமாகச் சேரும். கோடையும் மழைக்காலமும் குறைந்த விலை. பல இடங்களில் மழைக்கால விலை செப்டம்பர் 30 வரை ஓடும். அதே அறை, அதே குளம், அதே ஆட்கள். அக்டோபர் முதல் வாரம் விலைப்பட்டியல் மாறிவிடும்.

ஜூன், ஜூலையில் போனால் விலை இன்னும் கீழே. ஆனால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) கொட்டும் நேரம் அது. வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் மாவட்ட நிர்வாகம் படகுகளை நிறுத்திவிடும், இரண்டு நாளும் வராந்தாவில் உட்கார்ந்திருக்க நேரலாம். பெரியவர்களுக்கு அதுவே சுகம், 7 வயதுக் குழந்தைக்கு அப்படி இருக்காது. ஆகஸ்ட் பிற்பகுதியிலோ செப்டம்பர் முதல் பாதியிலோ ஓணம் வரும், அப்போது கேரளத்துக் குடும்பங்களே அறைகளை நிரப்பிவிடும்.

உங்களுக்குப் பொருந்துவது செப்டம்பர் கடைசி வாரம். மழை தணிந்து பிற்பகலில் ஒரு தூறல் என்ற அளவுக்கு வந்திருக்கும். தமிழ்நாட்டில் காலாண்டுத் தேர்வு விடுமுறையும் அந்தச் சமயத்தில்தான். ஆயுதபூஜை எந்த வாரம் விழுகிறது என்று மட்டும் காலண்டரில் பார்த்துவிடுங்கள். அது செப்டம்பர் கடைசியில் வந்தால் வங்காளத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வரும், மழைக்கால விலை பேருக்குத்தான் இருக்கும். அப்படிப்பட்ட வருடத்தில் பூஜைக்கு முந்தைய வார நாட்களைப் பிடியுங்கள்.

வார நாள் என்பது முக்கியம். வெள்ளி, சனி இரவுகள் எப்போதுமே விலை கூடுதல். ஞாயிறு முதல் வியாழன் வரை உள்ள இரவுகளைக் கேளுங்கள்.

#4 ரயில்பித்தன்

சென்னையிலிருந்து குமரகத்துக்கு இறங்க வேண்டிய இடம் கோட்டயம். அங்கிருந்து 15 கிலோமீட்டர் அளவு. விமானம் என்றால் கொச்சி, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் டாக்சி. நான்கு டிக்கெட்டும் டாக்சியும் சேர்ந்து அறைப் பணத்தைத் தின்றுவிடும்.

12623 திருவனந்தபுரம் மெயில் சென்ட்ரலில் மாலை ஏழரை வாக்கில் கிளம்பி மறுநாள் காலை எட்டு, எட்டரைக்குக் கோட்டயத்தில் இருக்கும். திரும்ப 12624 கோட்டயத்தில் மாலை ஐந்தரை வாக்கில். நேரத்தைப் பதிவின்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு வண்டியையும் பிடித்தால் காலை ஒன்பதரைக்கு ரிசார்ட் வாசலில் இருப்பீர்கள், கிளம்பும் நாள் நாலு மணி வரை உள்ளேயே இருக்கலாம். இரண்டு இரவுக்குப் பணம் கொடுத்து மூன்று பகல் கிடைக்கிறது.

முன்பதிவு 60 நாள் முன்னதாகக் காலை 8 மணிக்குத் திறக்கும். திறந்த உடனே எடுக்க ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்கு வேண்டும். இதை இரண்டு வாரம் முன்பே முடித்து வையுங்கள், அன்று காலை உட்கார்ந்து ஓடிபிக்குக் காத்திருந்தால் படுக்கை போய்விடும்.

திரும்பும் டிக்கெட்டில் ஒரு சிக்கல் உண்டு. கோட்டயம் நடுவழி நிலையம், அதற்கான ஒதுக்கீடு குறைவு, காத்திருப்புப் பட்டியலும் மெதுவாகவே நகரும். கோட்டயத்திலிருந்து இடம் காட்டவில்லை என்றால் திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு எடுத்து, ஏறும் நிலையம் கோட்டயம் என்று பதிவிலேயே குறிப்பிடுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடும், இடம் கிடைக்க வாய்ப்பும் கூடும். ஏறும் நிலையத்தை மாற்றாமல் கோட்டயத்தில் ஏறலாம் என்று இருந்துவிடாதீர்கள், டிடிஇ (டிக்கெட் பரிசோதகர்) ‘வரவில்லை’ என்று போட்டு வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம்.

குழந்தைகள் விஷயம்: 5 முதல் 11 வயது வரை தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. பெண்ணுக்குப் படுக்கை வேண்டாம் என்று ஐந்நூறு சொச்சம் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் ராத்திரி முழுதும் ஒரே பெர்த்தில் இரண்டு பேர் படுத்து வந்தால் முதல் நாள் பகலை எல்லோரும் தூங்கியே கழிப்பீர்கள்.

முடிந்தால் போகும்போது மட்டும் 1ஏசி பாருங்கள். நான்கு பேர் என்றால் நான்கு படுக்கை உள்ள கேபின் முழுவதுமே உங்களுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம், கதவைச் சாத்திக்கொள்ளலாம். விடுமுறை சென்ட்ரலிலேயே தொடங்கிவிடும்.

#5 கணக்கு_ராசா

1ஏசி கட்டணம் 3ஏசியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நான்கு பேருக்கு ஒருவழிக்கே ஐயாயிரம், ஆறாயிரம் கூடுதலாகும். அந்தப் பணத்தில் தோட்டத்தைப் பார்த்த அறையை ஏரியைப் பார்த்த அறையாக மாற்றிக்கொள்ளலாம். தூங்கிக்கொண்டே போகும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு அவ்வளவு கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

#6 ரயில்பித்தன்

பிள்ளைகள் அந்த வயதில் மறக்காமல் வைத்திருப்பது ரயிலைத்தான் என்பது என் எண்ணம். ஆனால் கேபின் ஒதுக்கீடு சார்ட் போடும்போதுதான் நடக்கும், முன்கூட்டி உறுதி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இறுக்கமான பட்ஜெட் என்றால் ராசா சார் கணக்குப்படியே போங்கள்.

#7 பொன்மாலை

3ஏசியே எடுக்கிறோம். செப்டம்பர் கடைசி வாரம் பள்ளிக்கும் சரியாக வருகிறது. இரண்டு சந்தேகம். ஒன்று, சனிக்கிழமை மாலை ரயில் ஏறி ஞாயிறு, திங்கள் இரவு தங்குவதா, ஞாயிறு ஏறி திங்கள், செவ்வாய் தங்குவதா? இரண்டு, எல்லோரும் ஹவுஸ்போட்டில் ஒரு இரவு கட்டாயம் தங்கச் சொல்கிறார்கள். ஒரு இரவு படகு, ஒரு இரவு ரிசார்ட் என்று பிரிக்கலாமா?

#8 காயல்கரை

முதல் கேள்விக்கு: ஞாயிறு ஏறுங்கள். ஞாயிறு காலை ரிசார்ட் நிரம்பியிருக்கும், வாரக்கடைசிக்கு வந்தவர்கள் 11 மணிக்குத்தான் காலி செய்வார்கள், அறை சுத்தமாகி உங்கள் கைக்கு வர இரண்டு மணி ஆகும். திங்கள் காலையில் பாதி அறைகள் முந்தின இரவே காலியாக இருக்கும். ‘ரயில் எட்டரைக்கு வருகிறது, சீக்கிரம் அறை கிடைக்குமா’ என்று ஒரு வாரம் முன்பு மின்னஞ்சல் போட்டு வைத்தால் பத்து மணிக்கே சாவி தர வாய்ப்பு உண்டு. தராவிட்டாலும் பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டுக் குளத்துக்குப் போகலாம். அதற்காக நீச்சல் உடை, துண்டு, ஒரு மாற்றுடை மட்டும் தனிப் பையில் மேலாக இருக்கட்டும். சனிக்கிழமை கிளம்புவதில் விடுப்பு ஒரு நாள் மிச்சம், அறை விஷயத்தில் நஷ்டம்.

இரண்டாவது: பிரிக்காதீர்கள். படகுவீட்டில் ஏறும் நேரம் பகல் 12 மணி சுமார், இறங்கும் நேரம் மறுநாள் காலை 9. மாலை ஐந்தரைக்குள் படகைக் கரையில் கட்டிவிட வேண்டும், அதன்பின் மீனவர்கள் வலை போடும் நேரம். சாப்பாட்டுக்கு நிறுத்துவதைக் கழித்தால் படகு ஓடுவது ஐந்து மணி நேரம் இருந்தால் பெரிது. ‘டீலக்ஸ்’ என்று விற்கும் படகுகளில் ஏசி இரவு 9 முதல் காலை 6 வரைதான். முழுநேர ஏசி வேண்டுமென்றால் ‘பிரீமியம்’, விலை வேறு. இரவு முழுதும் ஜெனரேட்டர் சத்தம், பக்கத்திலேயே கட்டிய படகுகளின் ஜெனரேட்டர் சத்தமும் சேர்ந்து.

இதைவிடப் பெரிய நஷ்டம் நேரம். காலை 9க்குப் படகை விட்டு இறங்கினால் ரிசார்ட்டில் அறை 2 மணிக்கு. இடம் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் பெட்டியோடு போய்விடும். இரண்டு இரவுதான் என்றால் ஒரே இடம்.

#9 மாஞ்சோலை

காயல்கரை சொல்வதில் பாதியை மறுக்கிறேன். படகுவீட்டு விலையில் மதியச் சாப்பாடு, மாலை டீ, பழம்பொரி, இரவுச் சாப்பாடு, காலை உணவு எல்லாம் அடக்கம். ரிசார்ட்டில் அதே நாலு வேளைக்குக் குடும்பமாக ஆறாயிரம் ஏழாயிரம் ஆகும். சாப்பாட்டைச் சேர்த்துப் பார்த்தால் சீசன் இல்லாத வார நாளில் நல்ல இரண்டு அறைப் படகு ரிசார்ட்டைவிடக் குறைவாகவே வரும். மூன்று இரவு போகிறவர்களுக்கு ஒரு இரவு படகு நல்ல தேர்வுதான்.

எடுப்பதாக இருந்தால் கவனிக்க வேண்டியவை: கேரளச் சுற்றுலாத் துறை படகுகளுக்குத் தரம் பிரித்துக் ‘கோல்டு ஸ்டார்’, ‘சில்வர் ஸ்டார்’ சான்று கொடுக்கிறது, சான்றின் காலக்கெடு முடியவில்லையா என்று பாருங்கள். லைஃப் ஜாக்கெட் தலைக்கு ஒன்று, குழந்தை அளவிலும் இருக்க வேண்டும், ஏறுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். முன்பணம் கால்பங்குக்கு மேல் வேண்டாம். படம் அனுப்பிய படகுதானா என்று படகின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள், வந்த பிறகு வேறு படகைக் காட்டுவது ஆலப்புழையில் அடிக்கடி நடக்கும். வழியில் ஒரு மீன்கடையில் நிறுத்தி ஆற்றுக்கொஞ்சு, பெரிய இறால் வாங்கச் சொல்வார்கள், சந்தை விலையைப் போலப் பல மடங்கு. வேண்டாம் என்று சொன்னால் யாரும் வற்புறுத்தப் போவதில்லை. விலையில் அடங்கிய கரிமீன் வறுவலே போதும்.

#10 காயல்கரை

மூன்று இரவு என்றால் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு இரவுக்கு என் பதில் அதேதான்.

தண்ணீரில் போகும் ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. ரிசார்ட் படகுத்துறையில் மாலையில் ஏரியைச் சுற்றிக் காட்டும் சவாரி சில இடங்களில் அறை வாடகையிலேயே அடக்கம், கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே ஷிகாரா (கூரை போட்ட சிறு படகு) மணிக் கணக்கில் கிடைக்கும். பெரிய படகு நுழையாத குறுகிய வாய்க்கால்களில் அது போகும், குட்டநாட்டு வீடுகள், வாத்துக் கூட்டம், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல் எல்லாம் அங்கேதான் கிட்டத்தில் தெரியும். காலை ஏழுக்குப் புறப்படும்படி இரண்டு மணி நேரம் பேசுங்கள். மழைக்காலத்தில் ஏரி நன்னீராகவே இருப்பதால் ஆகாயத்தாமரை மண்டியிருக்கும். படகுக்காரர் இந்த வாய்க்கால் வேண்டாம் என்றால் அதற்காகத்தான், ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

இன்னும் குறைவாக என்றால் மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு. முகம்மை–குமரகம் படகு ஏரியின் குறுக்கே முக்கால் மணி நேரத்தில் கடக்கும், கோட்டயம்–ஆலப்புழை படகு இரண்டரை மணி நேரம். கட்டணம் பேருந்துக் கட்டணம் அளவுதான். பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிக் கூடைக்காரர்களும் ஏறி இறங்கும் படகு. ராசா சார் படகுக்கு ஒதுக்கிய 2,500இல் இவை எல்லாம் அடங்கும்.

பறவைகள் சரணாலயத்தைப் பற்றி எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வலசைப் பறவைகள் நவம்பருக்குப் பிறகுதான். செப்டம்பரில் நீர்க்காகம், பாம்புத்தாரா, கொக்குகள் இருக்கும், அதற்கும் விடியற்காலையில் போக வேண்டும்.

#11 அடையாறு_ஆலம்

வரியைப் பற்றி ஒருவரும் விரிவாகச் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5%, அதற்கு மேல் 18%. கோட்டின் இரு பக்கமும் பாருங்கள்: 7,500 அறைக்கு வரியோடு 7,875. 7,600 அறைக்கு 8,968. நூறு ரூபாய் கூடுதல் அறைக்கு 1,093 ரூபாய் கூடுதல் பில். 7,500க்கும் 8,500க்கும் இடையில் விலை சொன்னால் அந்த இடத்திலேயே ‘7,500க்குள் வருமா’ என்று கேளுங்கள். காலை உணவோடு சேர்த்து ஒரே விலையாகப் போட்டால் அந்த மொத்த விலைதான் வரிக்குக் கணக்கு.

இரண்டாவது கண்ணி சாப்பாட்டில். முந்தைய நிதியாண்டில் ஓர் அறையையாவது 7,500க்கு மேல் விற்ற ஹோட்டலின் உணவகத்தில் 18% வரி. உங்கள் அறை மழைக்கால விலையில் 7,000க்குக் கிடைத்திருந்தாலும் சாப்பாட்டு பில்லில் 18% விழும். மெனு அட்டை விலையைப் பார்த்துக் கணக்குப் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது தொகை வேறாக இருக்கும். வெளியே சாதாரண உணவகத்தில் 5%. ராசா சார் மதியத்தை வெளியே வைத்தது இதனாலும் சரி.

பயணச் சலுகை என்று அலுவலகத்தில் எல்டிஏ உண்டா என்று கேட்பீர்கள். அது பழைய வரி முறையில் மட்டும், பயணக் கட்டணத்துக்கு மட்டும், அறைக்கு இல்லை. நீங்கள் சொன்ன வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே வராது என்பதால் அதைத் தேடி நேரம் செலவழிக்க வேண்டாம்.

#12 குறிஞ்சிப்பாட்டை

பதிவு செய்வதைப் பற்றி. பயணத் தளத்தில் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், பணத்தை அங்கே கட்டாதீர்கள். ரிசார்ட்டின் முன்பதிவுப் பிரிவுக்கு வார நாளில் காலை 11 மணிக்குப் போன் செய்யுங்கள். அந்தத் தளத்தின் விலையைச் சொல்லி, ‘நேரடியாக எடுத்தால் இதே விலைக்கு என்ன சேர்த்துத் தருவீர்கள்’ என்று கேளுங்கள். விலையைக் குறைக்க அவர்களுக்குப் பல நேரம் அதிகாரம் இருக்காது. இரவுச் சாப்பாட்டைச் சேர்ப்பது, ஏரிப் பக்க அறைக்கு மாற்றுவது, ஒரு குழந்தையின் கட்டணத்தை விடுவது இவற்றுக்கு இருக்கும். பல ஹோட்டல் குழுமங்களில் இலவச உறுப்பினர் பதிவுக்கே தனி விலை உண்டு, போன் செய்யும் முன் அதைப் போட்டுவிடுங்கள்.

நான்கு பேர் குடும்பத்துக்குப் பிரச்சினை வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: ஓர் அறையில் எத்தனை பேர் என்பதில். பல குடிலில் மூன்று பேருக்கு மேல் அனுமதி இல்லை. தளத்தில் ‘இரண்டு பெரியவர்’ என்று மட்டும் போட்டுக் குறைந்த விலைக்கு எடுத்துவிட்டு, போய் இறங்கியதும் இரண்டு குழந்தைகளைக் காட்டினால், கூடுதல் படுக்கைக்கு அன்றைய விலையை வாங்குவார்கள், அல்லது இரண்டாவது அறை எடுக்கச் சொல்வார்கள். இரண்டு குழந்தைகளின் வயதையும் முதல் போனிலேயே சொல்லுங்கள். 5 அல்லது 6 வயது வரை இலவசம், 12 வரை குழந்தைக் கட்டணம் என்பது பொதுவான வழக்கம், இடத்துக்கு இடம் மாறும். கிங் சைஸ் கட்டிலில் பெண்ணும் அம்மா அப்பாவும், கூடுதல் படுக்கையில் பையன் என்றால் ஒரு கூடுதல் படுக்கை போதும். இதையே எழுத்தில் வாங்குங்கள்.

போனில் பேசியதெல்லாம் மின்னஞ்சலில் வர வேண்டும்: தேதி, அறை வகையின் சரியான பெயர், நான்கு பேர், வயது, கூடுதல் படுக்கை ஒன்று, எந்தச் சாப்பாடு அடக்கம், வரி உட்பட மொத்தம், எந்தத் தேதி வரை ரத்து செய்தால் முழுப் பணம். ‘லேக் ஃபேசிங்’ என்றால் ஏரியை நோக்கிய அறை, ‘லேக் வியூ’ என்றால் ஜன்னல் ஓரமாக எட்டிப் பார்த்தால் ஏரி தெரிந்தாலும் அதுதான் என்பார்கள். வராந்தாவுக்கும் ஏரிக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள்.

மழைக்காலம் என்பதால் ‘ரத்து செய்தால் பணம் திரும்பாது’ என்ற மலிவு விலையை எடுக்காதீர்கள். எட்டு, பத்து சதவீதம் மிச்சத்துக்காக முப்பதாயிரத்தைப் பணயம் வைப்பதாகும். சிவப்பு எச்சரிக்கை வந்தால் தேதி மாற்றித் தருவீர்களா என்றும் கேட்டு எழுத்தில் வாங்கலாம்.

#13 மாஞ்சோலை

சாப்பாட்டுத் திட்டப் பெயர்களைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். இ.பி. என்றால் அறை மட்டும், சி.பி. என்றால் காலை உணவோடு, எம்.ஏ.பி. என்றால் காலையும் இன்னொரு வேளையும், ஏ.பி. என்றால் மூன்று வேளையும். எம்.ஏ.பி.க்கும் சி.பி.க்கும் வித்தியாசம் நான்கு பேருக்கு இரவுக்கு 3,500க்குள் என்றால் எம்.ஏ.பி. எடுங்கள். இரவு மழையில் வெளியே சாப்பாடு தேடி வண்டி பிடிக்க முடியாது. ஏ.பி. வேண்டாம், காலை உணவைப் பத்து மணிக்கு நிதானமாகச் சாப்பிட்டவர்களுக்கு மதியம் இரண்டரை வரை பசிக்காது, அப்போது குமரகம் கடைத்தெருவில் மீன்கறிச் சாப்பாடும் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) போதும். கரிமீன் பொள்ளிச்சதை ரிசார்ட்டில் ஒரு முறை, வெளியே ஒரு முறை சாப்பிட்டுப் பாருங்கள், வெளியே சாப்பிட்டதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

#14 அடையாறு_ஆலம்

இன்னொன்று, மால்களிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் சீட்டு எழுதிப் போடச் சொல்லி, ‘உங்களுக்கு இலவச விடுமுறை விழுந்திருக்கிறது, தம்பதியாக வந்து வாங்குங்கள்’ என்று கூப்பிடுவார்கள். போகாதீர்கள். இருபது, இருபத்தைந்து வருட உறுப்பினர் திட்டத்தை மூன்று மணி நேரம் உட்கார வைத்து விற்பது அது. லட்சக்கணக்கில் விலை, வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம், அதுவும் ஏறிக்கொண்டே போகும். பள்ளி விடுமுறையில் கேட்டால் அறை இருக்காது. மாதம் 5,000 சேர்த்துச் செலவழிக்கிற குடும்பத்துக்கு அதைவிடக் கெட்ட பேரம் எதுவும் இல்லை.

#15 பொன்மாலை

எல்லாம் குறித்துக்கொண்டேன். 13,000க்கு மேல் போனால் கேடிடிசி (கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம்) எப்படி? அரசு ஹோட்டல் என்றால் தரம் குறைவாக இருக்குமோ என்று தயக்கம்.

#16 காயல்கரை

குமரகத்தில் சரணாலயத்தை ஒட்டி அவர்களுடைய வாட்டர்ஸ்கேப்ஸ் இருக்கிறது. தூண்கள் மேல் நிற்கும் குடில்கள், சுற்றிலும் தண்ணீரும் கண்டல் மரங்களும். இடம் அருமை. தனியார் ரிசார்ட்டில் நீங்கள் கேட்பதற்கு முன்பே செய்வார்கள், இங்கே கேட்ட பிறகு செய்வார்கள், அந்த அளவுதான் வித்தியாசம். 7,500க்குள் கிடைத்தால் 5% வரி, அதனால் மூன்றாவது இரவுகூடச் சாத்தியம்.

ஆனால் நீங்கள் முதல் பதிவில் கேட்டது வேறு. அதற்குக் கோகனட் லகூன், குமரகம் லேக் ரிசார்ட், தாஜ் மூன்றிலும் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கோகனட் லகூனுக்குப் படகில்தான் போய்ச் சேர முடியும், பழைய தறவாட்டு (கேரளப் பரம்பரைக் குடும்ப) வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். லேக் ரிசார்ட்டில் அறை வாசல்கள் ஊடாக வளைந்து ஓடும் நீச்சல்குளம் உண்டு, ஆனால் அந்தக் குளத்தை ஒட்டிய அறைக்குத் தனி விலை. தாஜ் இருப்பது பேக்கர் என்ற ஆங்கிலேய மிஷனரிக் குடும்பத்தின் 19ஆம் நூற்றாண்டு பங்களா வளாகத்தில். பிள்ளைகளுக்கு முதல் இரண்டு. ஜூன் மாதமே மூன்று இடத்திலும் செப்டம்பர் விலையைக் கேட்டு எழுதி வைத்து, ஆகஸ்ட் முதல் வாரம் மறுபடி கேளுங்கள். ரத்து செய்யக்கூடிய விலையில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, அறைகள் நிரம்பாமல் விலை இறங்கினால் மாற்றிக்கொள்ளலாம்.

#17 குறிஞ்சிப்பாட்டை

போய் இறங்கியதும் நடக்கிற இரண்டு விஷயம். அறை எடுக்கும்போது ‘கூடுதல் செலவுக்கு’ என்று ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் அந்தப் பணம் உங்கள் கணக்கிலிருந்து முடங்கும், திரும்ப வர ஒரு வாரம்கூட ஆகும். அதே கணக்கில்தான் திரும்பும் வழிச் செலவும் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். வைப்புத் தொகையை ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள், அல்லது அதற்கென்று வேறு கணக்கின் கார்டைக் கொடுங்கள்.

அறையில் தினமும் இரண்டு பாட்டில் தண்ணீர், டீ, காபித் தூள் இலவசம். குளிர்பெட்டியில் இருப்பது இலவசம் இல்லை, நுழைந்ததும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். பால் வேண்டுமென்றால் அறைக்கு வரவழைத்தால் தனிக் கட்டணம், காலை உணவின்போது கேட்டால் இல்லை. ஒவ்வொரு நாள் இரவும் வரவேற்பில் அதுவரையான பில்லைக் கேட்டுப் பாருங்கள். கடைசி நாள் ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் பார்த்தால் தவறான வரி கண்ணில் படாது.

#18 பொன்மாலை

நீச்சல் உடை பற்றிச் சொன்னீர்கள். பையனுக்கு அரைக்கால் சட்டை, பனியன் போதாதா?

#19 குறிஞ்சிப்பாட்டை

பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். நைலான் உடைதான். ரிசார்ட் கடையில் ஒரு செட் வாங்கும் விலைக்குத் தி.நகரில் நான்கு பேருக்கும் வாங்கிவிடலாம். தலைக்குத் தொப்பியும் கேட்பார்கள். பிள்ளைகளின் ஆதார் அசலை மறக்காதீர்கள், அறை எடுக்கும்போது வயதுக்கு அதைத்தான் பார்ப்பார்கள்.

#20 ரயில்பித்தன்

கடைசி நாள் 11 மணிக்கு அறையை விட்ட பிறகு பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டுக் குளத்தைப் பயன்படுத்தலாமா, குளித்து உடை மாற்ற இடம் தருவார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். குமரகத்திலிருந்து நாலு மணிக்கே டாக்சியில் ஏறுங்கள். மாலையில் கோட்டயத்துக்குள் போக்குவரத்து நெரிசல் உண்டு, மழை பெய்தால் அரை மணி நேரம் முக்கால் மணி ஆகிவிடும். இரவுச் சாப்பாட்டைக் கோட்டயத்திலேயே கட்டி வாங்கிக்கொண்டு ஏறுங்கள், எர்ணாகுளம் தாண்டி ரயிலில் கிடைப்பதை நம்ப வேண்டாம்.